கைகர் எண்ணியின் ஒலி சொல்வதும் சொல்லாததும்

மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அபாயம் நீங்கியதாக 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், தரைக்கு மேலே கருவியை அசைத்து ஒலி கேட்டுப் பணிபுரிந்தவர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அது மண்ணுக்குள் புதைந்த உலோகத்தைத் தேடும் கருவி. கதிர்வீச்சைத் தேடும் கருவி வேறு. வாகரைக் கரையோரத்தில் இல்மனைட் அகழ்வுக்கு மக்கள் எதிர்ப்புக் காட்டிய பின்னணியில், கனிய மணலில் கதிர்வீச்சு உண்டா என்ற கேள்வியும் எழக்கூடியதே. ஆகவே அந்தக் கருவியை அறிந்து வைத்திருப்பது நல்லது.

குழாயும் கம்பியும்

மூடிய உலோகக் குழாய். உள்ளே ஆர்கன் அல்லது நியோன் போன்ற வாயு. நடுவே மெல்லிய கம்பி. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மின்னழுத்தம். கதிர்வீச்சு வாயுவைக் கடக்கும்போது அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரிக்கிறது. அவை கம்பியை நோக்கி ஓடி மின்துடிப்பை உண்டாக்குகின்றன.

மின்னழுத்தம் மாறினால் கருவியின் வேலையும் மாறும். குறைவாக இருந்தால், பிரிந்த இலத்திரன்கள் மட்டும் சேர்க்கப்படும். இது அயனாக்க அறை. புற்றுநோய்ச் சிகிச்சை இயந்திரம் தரும் கதிரின் அளவு சரியா என்று பார்ப்பது இதனால்தான். அமெரிசியம் 241 கொண்ட புகை எச்சரிக்கைக் கருவியும் இதே வகை. மின்னழுத்தம் கூடினால், ஓடும் இலத்திரன்கள் வேறு அணுக்களையும் மோதிப் பெருகும். துடிப்பின் அளவு துணிக்கை விட்ட சக்திக்கு ஏற்ப இருக்கும். இது விகிதசம எண்ணி. இன்னும் கூட்டினால், சிறிய துணிக்கைக்கும் பெரிய துணிக்கைக்கும் ஒரே அளவு துடிப்புத்தான். அதுவே கைகர் எண்ணி. 1908 இல் மான்செஸ்டரில் ரதர்போர்டும் கைகரும் தொடங்கியதை, 1928 இல் கைகரும் முல்லரும் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தனர்.

தடுப்பு முகாமிலிருந்து நோபல் பரிசுக்கு

இக்குழாயைப் பெரும் ஆய்வுக் கருவியாக வளர்த்தவர் ஜோர்ஜ் ஷார்பாக். போலந்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்த யூதர். 1943 இல் சிறை வைக்கப்பட்டு, 1944 இல் நாசிகளின் டகாவ் முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1945 வரை அங்கிருந்து உயிர் தப்பினார். 1968 இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில், ஒரே வாயு அறைக்குள் பல கம்பிகளை அருகருகே நிறுத்தினார். துணிக்கை எந்தக் கம்பிக்கு அருகே போனது என்பது உடனே மின்னணுக் கருவிகளில் பதிவாகியது. அதுவரை துணிக்கைகளின் தடங்களைப் புகைப்படம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. 1992 இல் நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த கதிர் அளவில் எக்ஸ்ரே படம் எடுக்கவும் அவர் இதே முறையைப் பயன்படுத்த முயன்றார்.

தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்திலும் வாயு பயன்பட்டது. 1965 இல் ஏறத்தாழ 2.3 கிலோமீற்றர் ஆழத்தில், நியோன் நிரப்பிய குழாய்களும் ஒளிர் பிளாஸ்டிக்கும் வைத்து, வளிமண்டல நியூத்திரினோக்களை உலகில் முதலில் பதிவுசெய்த இரு குழுக்களுள் ஒன்று அங்கே இயங்கியது. மேலிருந்து வரும் மற்றத் துணிக்கைகளைப் பாறை தடுத்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

நம் கரையில் அளந்தால்

எந்தக் கைகர் எண்ணியும் எந்த இடத்திலும் ஒலிக்கும். வானிலிருந்து வரும் மியூவோன்கள் கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழுகின்றன. வாவியில் தோணி விடுபவரின் உள்ளங்கையையும் அவை ஊடுருவுகின்றன. மண்ணிலும் கல்லிலும் இயற்கைக் கதிர்வீச்சு உண்டு. ஆகவே ஒலி கேட்டது என்பது மட்டும் ஆபத்துக்குச் சான்றல்ல.

அதேநேரம் கேள்வி வீணானதுமல்ல. புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு மொனசைட்டும் உண்டு. மொனசைட்டில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது. கனியங்களைப் பிரிக்கும்போது அது ஓரிடத்தில் செறியக்கூடும்.

எனவே யாராவது அளவெடுத்தால் மூன்றைக் கேளுங்கள். முதலாவது, அருகிலுள்ள சாதாரண மண்ணிலும் அதே கருவியால், அதே நேர அளவுக்கு எண்ணினார்களா? இரண்டாவது, கருவி அண்மையில் அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா? திரையில் தெரியும் மைக்ரோசீவர்ட் எண் ஒரு கணிப்பே. மூன்றாவது, மணல் மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போனதா? தோரியமா வேறு மூலகமா என்பதைக் கைகர் எண்ணி பிரித்தறியாது. மூச்சோடு உள்ளே போகும் தூசையும் அது அளக்காது. அதற்குக் காமாக் கதிர் நிறமாலை ஆய்வு வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அணுசக்தி சபையும் தனியான ஒழுங்குறுத்துகைப் பேரவையும் நாட்டில் உள்ளன. எழுத்துமூல அறிக்கையைக் கேட்க வேண்டிய இடங்கள் அவை.