கிழித்துத் தைத்த நாவல்

ஈக்காட்டுத்தாங்கல், ஜவஹர்லால் நேரு சாலை, சென்னை 600 032. 'கல்கி' வார இதழுக்குக் கடிதம் போட்டவர்களுக்கு இந்த முகவரி நன்றாகத் தெரியும். 1941-இல் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியும் டி. சதாசிவமும் தொடங்கிய பத்திரிகை, பல ஆண்டுகள் இங்கிருந்துதான் வந்தது. 2020-இல் அச்சுப் பதிப்பு நின்றுபோனது. ஆனால் அதில் கல்கி எழுதிய ஒரு தொடர்கதையைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை. 'பொன்னியின் செல்வன்' இத்தனை புகழுக்கும் தகுதியான நாவல்தானா?

இதற்குப் பதில் தேடுமுன், முதல் வாசகர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1950 அக்டோபர் 29-இல் தொடங்கிய கதை 1954 மே 16-இல் முடிந்தது. மூன்றரை ஆண்டு! வீட்டில் நாலு பேர் இருந்தால் இதழ் யார் கைக்கு முதலில் போவது என்று போட்டி. எல்லோரும் படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பதமாகக் கிழித்து எடுத்துவைப்பார்கள். ஒரு பாகம் சேர்ந்ததும் பைண்டு செய்யக் கொடுப்பார்கள். அப்படித் தைத்த தொகுதியில் ஓவியர் மணியம் வரைந்த குந்தவையும் நந்தினியும் இருப்பார்கள். பக்கத்தைத் திருப்பினால் தைல விளம்பரமும் இருக்கும். பல குடும்பங்களில் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போய்ச் சேர்ந்த சொத்து அது.

வாராவாரம் வரும் தொடர் என்பதற்காகவே வெட்டித் தைத்த சட்டை இந்த நாவல். அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு கத்தி மின்னும், ஒரு கதவு திறக்கும். போன வாரம் நடந்ததை இந்த வாரம் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி நினைவூட்டுவார். ஏழு நாள் இடைவெளியில் படித்தவருக்கு இது உதவி. ஐந்து பாகங்களையும் அடுக்கி வைத்து, விடுமுறையில் ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு இதுவே சுமை. நாயகன் வந்தியத்தேவன் மறைந்து நின்று ரகசியம் கேட்பது முதல் முறை சிலிர்க்கிறது. நாலாவது முறை அலுக்கிறது. பிற்பகுதியில் கதை தளர்வதை, கல்கியை உயிராய் நேசிப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாரிஸ் நாளிதழ் ஒன்றில் 1844-இல் தொடராக வந்த அலெக்ஸாந்தர் துமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' நாவலிலும் இதே பலம், இதே பலவீனம்.

முடிவில் குறை கண்டவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். கதை சட்டென்று நின்றுவிட்டது என்ற மனத்தாங்கலுக்குச் சமாதானமாகக் கல்கி தனியே முடிவுரை எழுதினார். பாத்திரங்களின் பின்னாள் வாழ்வை அதில் சொன்னார். 1954 டிசம்பர் 5-இல் அவர் காலமானார். வாரப் பத்திரிகைக் கதைகளை இலக்கியத்தில் சேர்க்க க.நா. சுப்ரமண்யம் போன்ற விமர்சகர்கள் மறுத்தே வந்தார்கள். மனித மனத்தின் ஆழம் தேடுகிறவருக்கு அந்த மறுப்பில் நியாயம் உண்டு.

ஆனாலும் கல்கி செய்த ஒரு காரியத்தை வேறு யாரும் செய்யவில்லை. சோழ இளவரசி குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அந்த ஒற்றைக் குறிப்பிலிருந்து, குதிரை மேல் வரும் குறும்புக்கார இளைஞனை அவர் எழுப்பினார். நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் அறிஞர்களுக்கு எழுதிய சோழர் வரலாறு, இவனைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படி வரைக்கும் வந்தது. 1999-இல், கல்கியின் நூற்றாண்டில், அவர் எழுத்துகள் நாட்டுடைமையாயின. மலிவுப் பதிப்புகள் பெருகின. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது, நாவலைத் திறந்தே பார்க்காத இளைஞர்களும் புத்தகக் கடைக்குப் போனார்கள்.

ஈக்காட்டுத்தாங்கல் என்ற பெயரில் உள்ள 'தாங்கல்' என்றால் சிறு ஏரி. நாவலும் ஓர் ஏரிக்கரையில்தான், ஆடிப்பெருக்கு நாளில், தொடங்குகிறது. அந்த வீரநாராயண ஏரியை இன்று வீராணம் என்கிறோம். 2004 முதல் அதன் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. ஏரிக்கு அருகே, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அதில் ரவிதாசன் முதலானோர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கொலை செய்தது யாருடைய கை என்பதை நாவலில் கல்கி உடைத்துச் சொல்லவில்லை. அதனால்தான், புத்தகத்தை மூடிய கையோடு பஸ் ஏறி, அந்தக் கல்லைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.