பெயருண்டு, முகவரியில்லை

சென்ற ஆண்டு ஒருநாள், நமது மாணவர்களின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பங்களை நிரப்புவதற்கு உதவிக்கொண்டிருந்தோம். முகவரி கேட்ட இடத்துக்கு வந்ததும் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதினர்: ஸ்பிரிங்வெளித் தோட்டம், பதுளை. அப்பொழுது ஒரு மாணவி எழுந்து, “சேர், எங்க வீடு மேற்கணக்குல, பீலிக்கு மேல இருக்கிற லயம். அதையும் எழுதலாமா?” என்று கேட்டாள். எழுதலாம் என்றோம். ஆனால் அந்தச் சொற்கள் எந்த ஏட்டிலேனும் உள்ளனவா, அவற்றை நம்பி ஒரு கடிதம் அவள் வாசலைத் தேடி வருமா என்று நம்மால் உறுதி கூற இயலவில்லை. இக்கட்டுரை அவளுடைய கேள்வியிலிருந்து பிறந்ததாகும்.

நகரங்களிற் பிறந்தோர் தம் பழைய தெருப் பெயர்களை நினைந்து எழுதும் கட்டுரைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். கொழும்பிலே ஆங்கிலேயர் ‘கடல் தெரு’ என்று பொருள்படப் பலகையில் எழுதிவைத்ததை நம்மவர் செட்டியார் தெரு என்றே வழங்கினர். பலகை ஒன்றைச் சொல்ல, மக்கள் வாய் வேறொன்றைச் சொல்லிற்று. எனினும் அத்தெருவுக்குப் பலகையும் இருந்தது, கதவிலக்கமும் இருந்தது. தெருவென்ற ஒன்றே இல்லாத இடத்தில், பலகையே நாட்டப்படாத மண்ணில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தவர்கள் எந்தப் பெயரை நினைந்து ஏங்குவது? நமது மலையகத்தைப் பொறுத்தவரை இது வெறும் ஏக்கம் பற்றிய வினா அன்று. உரிமை பற்றிய வினா.

முதலில் ஓர் உண்மையைக் கூறிவிடுவது நேர்மை. தோட்டங்கள் வருமுன் ஊவா மலைகள் பெயரற்றுக் கிடக்கவில்லை. ஒன்பது முடிகள் என்று பொருள்படும் நமுனுகுலையும், தம் வயல்களையும் ஓடைகளையும் கொண்டு பெயரிடப்பட்ட சிங்களக் கிராமங்களும் இருந்தன. 1818ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் நெருப்பினாலும் பஞ்சத்தினாலும் அடக்கினர். அதன் தலைவன் கெப்பட்டிபொலை அவ்வாண்டிலேயே சிரச்சேதம் செய்யப்பட்டான். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டவியலாத காடுகளையும் சேனைகளையும் அரசின் உடைமையாகக் கொள்ள வழி செய்தது. அவ்வாறு பறிக்கப்பட்ட நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. ஊவாவின் மடுல்சீமையில் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், அதே நிலம் தேயிலையாயிற்று. ஏட்டில் எழுதப்படாத உரிமை உரிமையன்று என்ற கோட்பாட்டுக்கு முதலில் இரையானவன் சிங்கள விவசாயி; அவனுக்குப் பின் அதே கோட்பாட்டுக்கு இரையானவர்கள் நாம்.

நிலத்தைப் பிடித்த துரைமார் அதற்குத் தம் நாட்டுப் பெயர்களைச் சூட்டினர். ஊவாவின் தோட்டப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிளேனல்பின் என்பதிலே ஸ்கொத்லாந்துப் பள்ளத்தாக்கின் ஒலி கேட்கிறது. ரோஹாம்ப்டன் லண்டன் மாநகரின் ஒரு பகுதி. பசறைப் பக்கத்து எல்டெப் தோட்டத்தின் பெயரையே, ஆங்கிலப் படை 1884இல் சூடானியரைக் கொன்று வென்ற ஒரு போர்க்களமும் தாங்கி நிற்கிறது. வீட்டை நினைந்து ஏங்கும் உரிமை துரைக்கு இருந்தது. அவ்வேக்கத்தைத் தேசப்படத்தில் எழுதும் அதிகாரமும் அவனிடமே இருந்தது. திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் தம் கிராமங்களை விட்டுவந்த ஏழைகளுக்கும் வீட்டு நினைவு இருந்தது. அதை எழுதிவைக்கத் தேசப்படந்தான் இல்லை.

ஆயினும் உழைப்பவனின் நா வாளாவிருக்கவில்லை. அது துரையின் பெயரையே தனதாக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஊற்றுப் பள்ளத்தாக்கு என்றோ வசந்தப் பள்ளத்தாக்கு என்றோ கொள்ளத்தக்க பெயர், நம்மவர் வாயில் ஸ்பிரிங்வெளி ஆயிற்று. பள்ளத்தாக்கைக் குறித்த அந்நியச் சொல் மறைந்து, ‘வெளி’ என்ற நமது சொல் வந்தமர்ந்தது. சிங்களப் பெயர்களும் அவ்வாறே நம்மிடம் உருமாறின: பண்டாரவெல பண்டாரவளை ஆயிற்று, ஹப்புத்தலை அப்புத்தளை ஆயிற்று, கொஸ்லந்த கொஸ்லாந்தை ஆயிற்று. இதனைக் கொச்சை என்று நகைப்போர் உளர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம், தான் கால் ஊன்றிய மண்ணைத் தன் மொழியின் இலக்கணத்துக்குள் கொண்டுவந்த செயல் இதுவென்பதே நமது கருத்து.

தோட்டத்தின் உள்ளே சென்றால் வேறொரு தேசப்படமே விரியும். கம்பனியின் ஏட்டில் மலைகளுக்கு இலக்கங்கள் மட்டுமே: ஏழாம் நம்பர், பத்தாம் நம்பர். தோட்டத்தின் பிரிவுகள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று வழங்கின. நிலத்தின் பிரிவுக்கே ‘கணக்கு’ என்று பெயர் வந்ததில் வியப்பென்ன? அங்கே எல்லாமே கணக்காகத்தானே இருந்தது! ஆனால் மக்கள் வழக்கிலோ கோயில் மலை உண்டு. பங்களா மலை உண்டு. கங்காணி ஒருவரின் பேரால் ஒரு லயம். பத்துக் காம்பரா லயம் என்று அளவினால் இன்னொன்று. மலையிலிருந்து வரும் ஊற்றைக் குழாய்வழி இறக்கிய பீலிக்கரை, பெண்கள் குடத்தோடு கூடித் தம் துன்பங்களைப் பேசிய இடம். துரை ‘ஊற்று’ என்று பெயரில் எழுதியதை அவர்கள் அங்கே நாள்தோறும் தலையிற் சுமந்தனர். கொழுந்து நிறுக்கும் மடுவம், தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவம், விடியுமுன் தப்பொலி கேட்டு வந்து நிற்கும் பிரட்டுக்களம், மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடிய பொட்டல் ஆகிய இவையே நமது தெருக்கள், நமது சந்திகள், நமது மன்றங்கள்.

பிரட்டுக்களத்திலே ‘பேர்’ என்ற சொல்லுக்குப் பிறந்த பொருளைத் தமிழகராதிகள் அறியுமோ, அறியோம். நாள் வேலைக்குப் பதிவு கிடைத்தால் பேர் விழுந்தது என்பர். நிறை குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ அரைப்பேர். மாத முடிவில் “எத்தனை பேர்?” என்று ஒருவரையொருவர் கேட்டால், எத்தனை நாட் சம்பளம் என்பது பொருள். ஒரு மனிதனின் பெயர் அவனது நாட்கூலியின் அளவாகவே சுருங்கிப் போயிற்று. அவன் வேறொரு தோட்டத்துக்குப் போகவும் கங்காணியின் கடன் தீர்ந்ததென்ற ‘துண்டு’ வேண்டியிருந்தது. 1921இற்றான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. பெயர் துரையின் ஏட்டில். உடல் கங்காணியின் கடனில். அவனுக்கென்று எஞ்சியது, அவன் பெயரிட்டு அழைத்த அந்தச் சில இடங்களே.

இப்பெயர்களைப் பேசும்போது பழமையைப் பொன்னாக்கிக் காட்டும் மயக்கத்துக்கு நாம் இடங்கொடுத்தலாகாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் அமைந்த காம்பராவில் ஒரு குடும்பம் சமைத்தது; உறங்கியது; பிள்ளை பெற்றது; பிணத்தையும் கிடத்தியது. லயங்கள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. கூடிப் பேசிய பீலிக்கரையில் ஒதுங்கி நின்றவர்களும் இருந்தனர். மறைந்துபோன அவ்விடங்கள் எல்லாம் மீண்டும் வரவேண்டுமென்று நாம் கூறவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் வரலாற்றிலிருந்தும் மறைந்துவிடலாகாது என்பதையே கூறுகிறோம்.

எவருக்கு நினைவுச் சின்னம் உண்டு, எவருக்கு இல்லை என்பதைப் பதுளை நகரே நமக்குக் கற்பிக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவரெனப் பேர்பெற்ற மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அவர் நினைவாகக் கட்டப்பட்ட புனித மாற்கு தேவாலயம் இன்றும் பதுளையில் நிற்கிறது. 1940ஆம் ஆண்டிலே அதே பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர், லங்கா சமசமாஜக் கட்சியினரின் துணையோடு வேலைநிறுத்தஞ் செய்து, தாமே தெரிந்தெடுத்த தொழிலாளர் குழுவொன்றை நிறுவினர். அக்குழுவைக் கலந்து நடக்கத் தோட்டத்துரை இணங்கவேண்டியதாயிற்று. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களையே அவர்கள் பறித்தனர். அவ்வாண்டு மே 12ஆம் நாள், தடையை மீறிப் பதுளையில் நடந்த பெருங்கூட்டத்தில் என். எம். பெரேரா பேசினார். பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவைப் பிற பகுதிகளினின்றும் துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அப்போராட்டத்தை முறியடித்தன. யானை வேட்டையாடியவரின் பெயர் கல்லில் இருக்கிறது. அத்தொழிலாளர் குழுவில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்?

எழுதப்படாமையின் விலையை இம்மக்கள் விரைவிலேயே கொடுக்க நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 தை முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன; மிகப் பெரும்பாலானவை தள்ளப்பட்டன. “நான் பிறந்தது பீலிக்கு மேல் லயத்தில், என் பாட்டனைப் புதைத்தது கோயில் மலைக்குக் கீழே” என்று ஒரு கிழவி சொன்னால் அது சான்றாகுமா? சான்று ஏட்டில் இருந்தது. ஏடு கந்தோரில் இருந்தது. கந்தோர் துரையிடம் இருந்தது.

1964 ஒக்டோபர் 30இல் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 மனிதரைத் தாளிலே பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. 1974இல் அம்மிகுதியும் சரிபாதியாக்கப்பட்டது. 1924இல் திறக்கப்பட்ட பதுளைப் புகையிரத நிலையம், மாமனும் மருமகனும், அக்காளும் தங்கையும் கட்டியழுது பிரிந்த இடமாயிற்று. கோச்சியில் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்குப் போனவர்கள் பலர். அவர்களுக்காகவே தமிழ்நாட்டரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் மீண்டும் கொழுந்தே பறித்தனர். இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். எங்கு வாழ்ந்தாலும் இன்னோர் ஊரின் பெயராலேயே சுட்டப்படுதல் அவர்கள் விதியன்று. இரு அரசுகள் அவர்களுக்குச் செய்த அநீதி.

காலம் நகர்ந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. நாடு கிடைத்தது, முகவரி கிடைத்ததா? தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதம் பல இடங்களில் இன்றும் கந்தோர் வழியாகவே வருகிறது. நாமறிந்த ஒரு மாணவனுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து ஐந்தாம் நாளிற்றான் கைக்கு எட்டியது. எந்தத் தோட்டம் என்பது இங்கு முக்கியமன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. அப்போது புதையுண்டோர் எத்தனை பேர் என்பதற்கு நாளுக்கொரு கணக்கு வெளிவந்ததை யாவரும் அறிவோம். உயிரோடிருந்தபோது வீட்டுக்கொரு இலக்கம் இல்லாதவர்களை, மண்ணுக்குள்ளே எப்படி எண்ணுவது?

ஆகவே நாம் கேட்பது இரண்டு. ஒன்று, நிலத்துக்கு உறுதியும் வீட்டுக்கு இலக்கமும் பாதைக்குப் பெயரும் சேர்த்தே வழங்கப்படல் வேண்டும். லயத்தை இடித்து வீடு கட்டி, அதன் வாசலில் முகவரியில்லாமல் விடுதல் பாதி நீதியே. தோட்டத்து மொழியிற் கூறின் அரைப்பேர். மற்றொன்று, அப்பாதைகளுக்கு எவரோ ஓர் அரசியல்வாதியின் பெயரையோ, பெயர் தெரியாத ஒரு துரையின் பெயரையோ சூட்டாது, அம்மக்கள் வாயில் வழங்கும் பெயர்களையே சூட்டல் வேண்டும். 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் வந்த வழியே பலர் நடந்தனர். அந்நடையின் தொடர்ச்சி ஒவ்வொரு தோட்டத்தின் உள்ளும் நிகழல் வேண்டும்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு பங்கு உண்டு. நமது வகுப்பில் இவ்வாண்டு அதனைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு, தன் கணக்கின் படத்தை வரைந்துவர வேண்டும்: லயங்கள், பீலிகள், இடிந்துபோன மடுவம், காமன் பொட்டல், இப்போது காடேறிக் கிடக்கும் மலைகள் அனைத்தும் அவற்றின் பெயர்களோடு. சில பெயர்கள் குறித்து இரண்டு பாட்டிமார் இரண்டு விதமாகச் சொல்கின்றனர், இரண்டையும் எழுதிவைக்கிறோம். முகவரி கேட்ட அந்த மாணவி தன் படத்தில் பீலிக்கு மேல் லயத்தின் பத்துக் காம்பராக்களுக்கும் இலக்கமிட்டு, அங்கே குடியிருந்து இந்தியாவுக்குப் போன குடும்பங்களின் பெயர்களையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள். ஓரிடத்தில் மட்டும் பெயர் இல்லை. கேட்டபோது, “அது யாருன்னு அப்பாயிக்கு மறந்துபோச்சு சேர். கீழ்க்கணக்குல ஒரு தாத்தாவுக்குத் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன்” என்றாள்.