அரைத்தலை, அரைப்பேர்

போன வருசம் செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது பதுளை பஸ் ஸ்டாண்ட்ல எனக்கு ஒண்ணு நடந்துச்சு. நிக்கிற பஸ்ஸோட போர்டைப் பார்க்கிறேன், 'கலை'ன்னு இருக்கு. கலைப்பீடத்துல படிக்கிறவங்களுக்குன்னே பஸ் விட்டிருக்காங்களோன்னு ஒரு செக்கன் சிரிப்பு வந்துச்சு. மேல சிங்கள எழுத்தைப் பார்த்தா அங்கேயும் 'கல' மட்டும்தான். லுணுகலையில 'லுணு'வைக் காணோம். அந்த இடத்தை யாரோ கறுப்பால மறைச்ச மாதிரியும் இல்ல. அந்தப் பக்கம்னு ஒண்ணே உலகத்துல இல்லாத மாதிரி.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மத்தக் கண்ணை மூடிப் பார்த்தேன். ரெண்டுலயும் இடப்பக்கம்தான் இல்ல. கொஞ்ச நேரத்துல அந்த ஓட்டையோட விளிம்புல வெள்ளையா ஒரு கோடு மினுங்க ஆரம்பிச்சுது. வளைஞ்ச கோடு இல்ல, முறிஞ்சு முறிஞ்சு போற கோடு. அது மெல்லப் பெருசாகி ஓரத்துக்கு ஒதுங்கி, பஸ் டவுனைத் தாண்டுறதுக்குள்ள காணாமப் போயிருச்சு. அப்பாடான்னு இருந்தா, பசறை வர்றப்ப வலது பக்க மண்டைக்குள்ள இடி. மிச்ச வழி முழுக்க ஜன்னல்ல தலையை வச்சுக்கிட்டு, ஷொப்பிங் பேக்கைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன்.

வீட்டுல யார்கிட்டயும் கண்ணு விசயத்தைச் சொல்லல. தலைவலின்னு மட்டும் சொல்லிட்டுப் படுத்துட்டேன். அம்மாயி வந்து ஜன்னலுக்கு சீலையைக் கட்டி இருட்டாக்கிட்டு, நெத்தியில சித்தாலேப தடவிக்கிட்டே கேட்டாங்க:

"ரம்பப்பல்லு வந்துச்சா புள்ள?"

நாப்பது வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. அந்த ரம்பப்பல்லு அவங்களுக்குக் குமரியா இருந்த காலத்துல இருந்தே வருதாம். இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேட்டேன். "யாரு கேட்டா?"ன்னாங்க.

கெம்பஸ் திரும்பினதும் லைப்ரரியில இதைத் தேட ஆரம்பிச்சேன். பாடத்துக்கு வேண்டிய அசைன்மெண்ட் அப்படியே கிடக்கு, அது வேற கதை. முதல்ல கண்ணுல பட்டது வில்லியம் வொலஸ்டன். பலேடியம், ரோடியம்னு ரெண்டு உலோகங்களைக் கண்டுபிடிச்ச ஆங்கில விஞ்ஞானி. 1824ல லண்டன் ரோயல் சொசைட்டியோட இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒரு நாள் ஒரு கதவுக்கு மேல இருந்த 'ஜோன்சன்'ங்கிற பேரைப் படிக்கப் போனவருக்கு 'சன்' மட்டும்தான் தெரிஞ்சதாம். பேரோட இடப்பக்கப் பாதியைக் காணோம். ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் மறையுதுன்னா, கோளாறு கண்ணுல இல்ல, ரெண்டு கண்ணோட நரம்பும் சேர்ந்து போற இடத்துலன்னு அவர் அதை வச்சு வாதாடினார். அதைப் படிச்சப்ப எனக்குக் கை நடுங்கிச்சு. இருநூறு வருசத்துக்கு முன்னால, ஜோன்சன், இப்ப, லுணுகலை.

(ஒண்ணைச் சொல்லாம விடக்கூடாது. வொலஸ்டன் 1828ல இறந்தப்ப மூளையில கட்டி இருந்தது தெரியவந்துச்சு. அதனால அவருக்கு வந்தது என் வியாதிதானான்னு இன்னைக்கும் விவாதம் இருக்கு. முதல்தடவை இப்படி வந்தா 'ஒற்றைத் தலைவலிதான்'னு நீங்களே முடிவு கட்டிராம டாக்டர்கிட்ட காட்டுங்க.)

ஆனா இந்தக் கதையோட நடு ஆள் வொலஸ்டன் இல்ல, ஹூபர்ட் எய்ரி. அவரோட அப்பா ஜோர்ஜ் எய்ரி கிரீனிச் வானாய்வுக்கூடத்தோட தலைவர், பிரிட்டன் அரசோட வானியலாளர். அப்பனுக்கும் மகனுக்கும் ரெண்டு பேருக்குமே இந்தக் காட்சி வரும். அப்பா 1865ல அதைப் பத்தி எழுதினார். மகன் டாக்டருக்குப் படிச்சவர். அவருக்கு இது முதல்ல வந்தது 1854ல, பதினாறு வயசுப் பையனா இருந்தப்ப. 1870ல ரோயல் சொசைட்டி முன்னால அவர் ஒரு கட்டுரை வச்சார். கட்டுரையை விட அதோட வந்த படம்தான் பெருசு. நடுவுல ஒரு சின்னப் புள்ளியா தொடங்கி, எந்த நிமிசத்துல எவ்வளவு வளருது, எப்ப ஒரு பக்கம் திறந்துக்குது, எந்த மூலையில என்ன கலர்னு ஒவ்வொரு கட்டமா வரைஞ்சிருக்கார். முறிஞ்சு முறிஞ்சு போற அந்தக் கோடு பழைய கோட்டை மதிலோட வரைபடம் மாதிரி இருக்குன்னு, கிரேக்கத்துல 'மதில்', 'காட்சி'ங்கிற ரெண்டு சொல்லைச் சேர்த்து 'டைக்கொப்சியா'ன்னு பேரும் வச்சார். யாழ்ப்பாணக் கோட்டையை மேல இருந்து எடுத்த போட்டோ பார்த்திருப்பீங்க, அந்தக் கூர்க்கூரான மூலைகளை நினைச்சுக்கோங்க. எய்ரி கோட்டை பார்த்து வளர்ந்தவர், கோட்டைன்னார். அம்மாயி ரம்பம் பார்த்து வளர்ந்தவங்க, ரம்பப்பல்லுன்னாங்க. ரெண்டும் சரியான வர்ணனைதான்.

இதுக்கு நடுவுல நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு பார்க்கணும்னு தோணிச்சு. எய்ரி கட்டுரைக்கு முந்தின வருசம், 1869. அப்ப ஊவா மாகாணம்னு ஒண்ணு கிடையாது, 1886லதான் பிரிச்சாங்க. மலையில தேயிலையும் பரவல, எல்லாம் கோப்பி. அந்த வருசம் லுணுகலைக்குப் பக்கத்துல, மடுல்சீமையில, கோப்பி இலையோட அடிப்பக்கத்துல செம்மஞ்சள் பொடி மாதிரிப் புள்ளிகள் தெரிஞ்சுது. இலங்கையோட கோப்பியையே அழிச்ச இலைத்துரு நோய் முதல்ல கண்ணுல பட்டது இந்தப் பக்கத்துலதான். இலையைப் பேராதனைப் பூங்காவுக்கு அனுப்பினாங்க. அங்க இயக்குநரா இருந்த த்வைட்ஸ் அதை இங்கிலாந்துல பூஞ்சை ஆராய்ச்சி செய்த பெர்க்லி பாதிரியாருக்கு அனுப்பினார். அதே 1869 நவம்பர்ல பெர்க்லி லண்டன் தோட்டக்கலைப் பத்திரிகையில அதுக்குப் பேரும் வச்சுட்டார்: 'ஹெமிலீயா வஸ்டாட்ரிக்ஸ்'. அதோட வித்து ஒரு பாதி வழவழப்பா இருக்கிறதால 'ஹெமி', அதாவது அரை.

மடுல்சீமை இலையில வந்த புள்ளி அந்த வருசத்துக்குள்ள லண்டன் போய், வரைஞ்சு, பேரும் வாங்கிருச்சு. லண்டன்காரர் கண்ணுல வந்த புள்ளியும் அடுத்த வருசமே கலர்ல அச்சாயிருச்சு. அந்த இலைக்குப் பக்கத்துல நின்னு கோப்பிப் பழம் பறிச்ச பொம்பளைகள்ல யாருக்காவது கண்ணுல புள்ளி வந்திருந்தா, அது கங்காணி வரைக்கும் கூடப் போயிருக்காது.

மலையகத்து மருத்துவத்துக்குன்னு சட்டமே இருந்துச்சே, அதுல ஒண்ணும் இல்லையான்னு கேக்கலாம். இருந்துச்சுதான். 1872ல வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களா பிரிச்சது. 1912ல அதைத் திருத்தி எழுதினாங்க. 1916ல அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களுக்கு வந்துச்சு. கொலரா, வயித்தோட்டம், அம்மை, கொக்கிப்புழு. எல்லாம் ஆளைக் கொல்ற நோய், இல்லாட்டி வேலைக்கு ஆள் இல்லாமப் பண்ற நோய். ஒற்றைத் தலைவலி யாரையும் கொல்றதில்ல, தொத்துறதுமில்ல. மறுநாள் காலையில அதே ஆள் பெரட்டுல நிப்பா. அப்படிப்பட்ட ஒண்ணை எண்ணி வைக்கணும்னு யாருக்குத் தோணும்?

தோட்டத்துல எண்ணி வச்சது வேற ஒண்ணு. 'பேர்'. மலையகத்து ஆள்களுக்கு இதை விளக்க வேணாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஒரு நாள் சம்பளம்னா ஒரு பேர். குறிச்ச கிலோ கொழுந்து வரலன்னா அரைப்பேர். அம்மாயி சொல்றது: "ரம்பப்பல்லு வந்தா கொழுந்து எது முத்தல் எது தெரியாது. கண்ணு தெளிஞ்சா வாந்தி. பத்து மணிக்கு வந்துச்சுன்னா அன்னைக்கு அரைப்பேருதான்." ஒரு தடவை தலைவலின்னு சொல்லிட்டு நிழல்ல உக்காந்ததுக்கு, பொய்ச்சாட்டு சொல்றான்னு மலையில எல்லார் முன்னாலயும் ஏச்சு விழுந்துச்சாம். எந்தத் தோட்டம், யாரு ஏசினதுங்கிறது இங்க வேணாம்.

இந்த 'அரை' என்னை விடாம துரத்துது. மைக்ரேன்ங்கிற சொல்லே கிரேக்கத்து 'ஹெமிக்ரேனியா', அதாவது அரை மண்டை. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் பயன்படுத்தின சொல், வாய்க்கு வாய் மாறித் தேய்ஞ்சு மைக்ரேன் ஆச்சு. சுஸ்ருத சங்கிதையில இதுக்கு 'அர்த்தாவபேதகம்'னு பேர், அதுவும் பாதியைப் பிளக்கிறதுதான். பாதித் தலையில குத்தலும் கிறுகிறுப்பும், பத்து நாளுக்கோ பதினஞ்சு நாளுக்கோ ஒருதரம் வரும், இல்ல திடீர்னு வரும்னு அதுல இருக்கு. வெயிலோட ஏறி வெயிலோட இறங்கிற வலிக்கு 'சூரியாவர்த்தம்'னு தனிப் பேரு. தமிழ்ல நாம ஒற்றைத் தலைவலின்னு சொல்றோம். லயத்துல இதையெல்லாம் விட அதிகமா கேக்கிறது 'பித்தம்'. வாந்தி வருதுல்ல, அதனால பித்தம் தலைக்கு ஏறிருச்சுன்னு எலுமிச்சம் பழம், சுக்குப் பத்து. இதை ஊர்ப் பேச்சுன்னு தள்ளிரக் கூடாது. 18ஆம் நூற்றாண்டு லண்டன் டாக்டர் ஜோன் பொதர்கில்லும், கண்ணுல மினுக்கம் வர்றதை அழகா எழுதிட்டு, காரணம் வயிறு, அதிகமா வெண்ணெய் திங்கிறதுன்னுதான் சொன்னார். எட்வர்ட் லிவிங் 1873ல வெளியிட்ட தடிச்ச புத்தகத்துலதான், இது பித்தம் இல்ல, நரம்பு மண்டலத்துல அடிக்கிற ஒரு புயல்ங்கிற வாதம் பலமா வருது.

படிக்கப் படிக்க எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. கோயில்ல சாமி வந்தாடினாங்கன்னு கேள்விப்பட்ட எங்க பூட்டிக்கும் இதுதான் இருந்திருக்குமோன்னு. பிறகு அடங்கிட்டேன். ஜெர்மனியில 12ஆம் நூற்றாண்டுல இருந்த துறவி ஹில்டகார்டோட ஒளிக் காட்சிகளை, சார்ள்ஸ் சிங்கர்ங்கிற வரலாற்றாசிரியர் 20ஆம் நூற்றாண்டுல மைக்ரேன்னு சொன்னார். அது ரொம்பப் பிரபலமாச்சு. ஆனா எண்ணூறு வருசத்துக்கு முந்தின ஓவியத்தை வச்சு நோய் சொல்ற அந்த வேலையை, மைக்ரேனோட வரலாறு எழுதின கெதரின் பொக்ஸ்ஹோல் நல்லாவே கேள்வி கேட்டிருக்கார். பூட்டிக்கு சாமிதான் வந்துச்சுன்னு விட்டுட்டேன்.

ரம்பப்பல்லு உண்மையில என்னன்னு தெரிய இன்னும் எழுபது வருசம் ஆச்சு. 1941ல அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி, தன்னோட கண்ணுல வந்த ஓட்டை வளர்ற வேகத்தைத் தானே தாள்ல குறிச்சு அளந்தார். மூளையோட பின்பக்கம், பார்வைக்கான மேற்பரப்புல, ஏதோ ஒண்ணு நிமிசத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்துல நகருதுன்னு கணக்கு வந்துச்சு. மூணே வருசத்துல, 1944ல, பிரேசில்காரரான லியாவோ ஹார்வட்ல வலிப்பு நோயை ஆராயப்போய், முயலோட மூளையில செயல்பாடு அலையா அடங்கிக்கிட்டே போறதைப் பார்த்தார். அதே மாதிரி மெதுவான வேகம். ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்னு 1958லதான் ஒருத்தர் முடிச்சுப் போட்டார், பீட்டர் மில்னர். பஸ் ஸ்டாண்ட்ல என் தலைக்குள்ள போனது அந்த அலைதான். அது போற முன்வரிசையில நரம்புகள் கிளர்ந்தெழும், அதுதான் மினுக்கம். பின்னால அடங்கிரும், அதுதான் ஓட்டை.

மருந்துக் கதை தனிக் கட்டுரைக்கு ஆகும். ஒண்ணு மட்டும்: ரொம்பக் காலம் இதுக்குக் குடுத்த எர்கொட்டமின், ரை தானியத்துல பிடிக்கிற பூஞ்சையில இருந்து 1918ல பிரிச்செடுத்தது. நம்ம கோப்பியை அழிச்சதும் ஒரு பூஞ்சைதான்.

கோவம் வர்ற இடம் இனித்தான். எய்ரி, அவங்கப்பா, வானியலாளர் ஜோன் ஹெர்ஷல், டேவிட் ப்ரூஸ்டர்னு அந்தக் காலத்துல எழுதினவங்க எல்லாம் பெரிய மூளைக்காரங்க. அதனால இது யோசிக்கிறவங்களுக்கு வர்ற வியாதிங்கிற மாதிரி ஒரு தோற்றம் உண்டாச்சு. 1930கள்ல நியூயோர்க்ல ஹரோல்ட் வோல்ப் அதை இன்னும் கெட்டியாக்கினார். மைக்ரேன்காரங்க எல்லாத்தையும் ஒழுங்காச் செய்யணும்னு நிக்கிற, முன்னேறத் துடிக்கிற ஆள்கள்னு எழுதினார். அவர்கிட்ட வைத்தியத்துக்கு வர முடிஞ்சவங்க யாருன்னு யோசிச்சா விசயம் விளங்கிரும். இன்னைக்குத் தெரிஞ்ச கணக்கு வேற. உலகத்துல கிட்டத்தட்ட நூறு கோடிப் பேருக்கு மைக்ரேன் இருக்கு. ஆம்பளைகளை விடப் பொம்பளைகளுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். அதுல நாலுல ஒண்ணுல இருந்து மூணுல ஒரு பங்கு ஆள்களுக்குக் கண்ணுல காட்சியும் வருது. தூண்டிவிடுறது என்னன்னு பார்த்தா: சாப்பாட்டைத் தவறவிடுறது, தூக்கக் குறைவு, தண்ணி குடிக்காம இருக்கிறது, கூசுற வெளிச்சம், மாதவிடாய். விடிய முன்னால எந்திரிச்சு, ரொட்டியில பாதியைப் பிள்ளைக்கு வச்சுட்டு, வெறுந்தேத்தண்ணியோட மலைக்கு ஏறி, கக்கூஸ் இல்லாத இடத்துல தண்ணி குடிக்கப் பயந்துக்கிட்டு வெயில்ல நிக்கிற ஒருத்தியோட நாளை அப்படியே எழுதின மாதிரி இருக்கு. தலைவலிகளைப் பிரிச்சுப் பட்டியல் போட்ட சர்வதேச வகைப்பாட்டுல, தலையை வெளியில இருந்து இறுக்கிறதால வர்ற வலின்னு ஒண்ணு தனியா இருக்கு. உதாரணத்துக்கு இறுக்கமான பட்டி, தொப்பி, ஹெல்மட், நீச்சல் கண்ணாடி. உச்சந்தலையில கூடைக் கயிறு மாட்டிக்கிட்டு நின்னவங்களும் இதுல அடங்குவாங்கன்னுதான் நான் நினைக்கிறேன்.

கண்ணுல காட்சி வருதான்னு கேக்கிறது வெறும் ஆர்வத்துக்கு இல்ல. அப்படி வர்ற பெண்கள் ஈஸ்ட்ரஜன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரை எடுத்தா பக்கவாத ஆபத்து கூடும், அதனால எடுக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டல் தெளிவா சொல்லுது. 'தலைவலி'ன்னு மட்டும் சொன்னா ரெண்டு பனடோல் கிடைக்கும். 'ஒரு பக்கம் பார்வை மறையும், அப்புறம் வலிக்கும்'னு சொன்னாத்தான் அந்த அடுத்த கேள்வி வரும். மாத்திரை எடுக்கிற என் சித்திக்கு இதை விளக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. இப்ப கிளினிக்ல கேட்டு வேற முறைக்கு மாறிட்டாங்க. அவங்களுக்கும் ரம்பப்பல்லு இருந்திருக்கு.

தைப்பொங்கலுக்குப் போனப்ப எய்ரியோட படத்தை போன்ல பெருசாக்கி அம்மாயிகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. விரலை வச்சு அந்தக் கோட்டு மேலேயே போனாங்க, திறந்திருக்கிற பக்கம் வந்ததும் நிறுத்தினாங்க.

"இங்கதான் விட்டுப்போகும். சரியாப் போட்டிருக்கான்."

போனைத் திருப்பிக் குடுத்துட்டுச் சொன்னாங்க: "கலருதான் கூட. எனக்கு இம்புட்டு வராது, வெள்ளையும் கொஞ்சம் நீலமும்தான். எழுதிக்க."