குரங்கு செத்து விழுந்த காடு

கூடலூர்ப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்த காலம் முழுக்க, எந்த மாட்டைப் பார்த்தாலும் முதலில் காது மடலுக்குள் விரலை விட்டுத் தடவுவேன். உண்ணி அங்கேதான் கொத்தாக அப்பியிருக்கும். அதைப் பிடுங்கிக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கும் மாட்டுக்காரர்களை விடாமல் கண்டித்திருக்கிறேன். "இதுக்குப் போயி ஏன் சார் இவ்வளவு கோவம்?" என்று கேட்டால் சொரபா தாலுகாவின் கதையைச் சொல்வேன்.

அன்றைய மைசூர் மாநிலம், ஷிமோகா மாவட்டம். 1957 மார்ச்சில் அங்குள்ள கியாசனூர் காட்டில் சாம்பல் மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் செத்துக் கிடந்தன. பக்கத்து ஊர்களில் மனிதர்களுக்கும் கடுங்காய்ச்சல். முதலில் டைபாய்டு என்றே நினைத்தார்கள். குரங்குச் சாவும் மனிதர் காய்ச்சலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று தெரிந்ததும் பூனா வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் டெல்ஃபோர்ட் வொர்க்கும் அவருடைய குழுவினரும் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பயமே வேறு. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகளைக் கொல்லும் மஞ்சள் காய்ச்சல், ஆசியாவிலேயே இல்லாத அந்த நோய், இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்பதுதான் அது. பிரித்தெடுத்த வைரஸோ ரஷ்யாவில் உண்ணி பரப்பும் மூளைக் காய்ச்சல் வைரஸின் உறவாக இருந்தது. ஊர்க்காரர்கள் 'மங்கன காயிலெ', குரங்கு நோய், என்றார்கள். பாவம், குரங்கும் நம்மைப் போலவே கடிபட்டுச் சாகும் உயிர்தான்.

கடிப்பது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி. வளர்ந்த உண்ணி மாட்டைப் பிடித்துக்கொள்கிறது. மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் அதன் இளம் பருவம். எள்ளைவிடச் சிறியது, கணுக்காலில் ஏறினால் மண் துகள் என்று தட்டிவிட்டுப் போவோம். நவம்பர் முதல் மே வரை அதன் நடமாட்டம் அதிகம். மலைநாட்டுப் பாக்குத் தோட்டக்காரர்கள் காட்டில் சருகும் விறகும் அள்ளுவதும் அந்த மாதங்களில்தான். குரங்கு செத்து உடல் குளிர்ந்ததும் அதிலிருக்கும் உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவிவிடும். பிணம் கிடந்த இடத்தைச் சுற்றி 50 அடிக்கு மாலத்தியான் தூள் தூவும் வழக்கம் அதனால் வந்தது.

காட்டை வெட்டிய இடத்தில் நோய் எப்படிப் பாய்ந்தது என்பதற்குக் கர்நாடகத்தின் பெல்தங்கடி சாட்சி. 1982-83இல் அங்கே முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை மொட்டையடித்த பின் வந்த கொள்ளைநோயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2012இல் நோய் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. பந்திப்பூரில் செத்த குரங்குகளை அப்புறப்படுத்தி எரித்த வனத்துறைத் தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். முதுமலையில் இறந்த குரங்குகளிலும் வைரஸ் இருந்தது. கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்யப் பழங்குடி மக்களை அனுப்புவது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

1990 முதல் கர்நாடகத்தில் போட்டுவந்த தடுப்பூசியும் வீரியம் போதாமல் 2022இல் நின்றுபோனது. ஆகவே உடம்பை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். காட்டிலிருந்து வந்ததும் துணியை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, அக்குள், தொடை இடுக்கு, காதுப் பின்புறம் எல்லாம் தேடுங்கள். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடி நெருப்பால் சுடுவது எதுவும் வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேராக இழுத்தால் வந்துவிடும். பிறகு கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடித்த தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பது மிக முக்கியம். குரங்குக் காய்ச்சல் பெரும்பாலும் 3 முதல் 8 நாளில் தலைகாட்டும். திடீர்க் குளிர்காய்ச்சல், நெற்றிப் பொட்டு தெறிக்கும் வலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போன்ற நோவு. சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். காய்ச்சல் விட்டு ஓரிரு வாரம் கழித்து மறுபடி வந்து, தலைவலி, கைநடுக்கம், பார்வைக் குழப்பம் என்று படுத்துவதும் உண்டு. நூறு நோயாளிகளில் 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. உடலில் நீர் குறையாமலும் ரத்தப்போக்கு முற்றாமலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே வைத்தியம். உண்ணி பரப்பும் இன்னொரு வகைக் காய்ச்சல், உடம்பில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு வருவது, டாக்ஸிசைக்ளினுக்குக் கட்டுப்படும், காலம் தாழ்த்தாமல் கொடுத்தால். இரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். எந்தப் பரிசோதனை என்று அவர் தீர்மானிக்க, காட்டுக்குப் போன தேதியும், அங்கே குரங்கு செத்துக் கிடந்ததா என்பதும் தெரிய வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.