வெள்ளி அடைத்த பல்

பிள்ளையின் பல்லில் அடைத்த வெள்ளி ஏன் கறுத்தது, அது நஞ்சா என்று புக்கிட் செந்தோசா வட்டாரத் தோட்டத்துப் பெற்றோர் எங்களைக் கேட்டதுண்டு.

அது தனி வெள்ளி அன்று. ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அமெரிக்கரான ஜி. வி. பிளாக் 1895இல் கலவையைச் சீர்படுத்தினார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் அடைக்கும் தாதியருக்குப் பினாங்கில் 1949இல் பயிற்சி தொடங்கிற்று.

சீனி போட்ட தேநீர் நம் வாயிலுள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை உண்டாக்கும் அமிலம் பல்லையும் அரிக்கும், உலோகத்தையும் அரிக்கும். சில கிருமிகள் விடும் கந்தக வாயுவால்தான் வெள்ளி கறுக்கிறது. பழைய கலவையில் வெள்ளீயமும் பாதரசமும் கூடிய பகுதியே முதலில் உளுத்தது. 1963இல் கனடாவில் செம்பைக் கூட்டிச் செய்த கலவை வெளிவந்தபின் அரிப்பு குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அரிப்பில் உண்டான துருவே அடைப்பின் ஓர இடுக்கை மூடிற்று.

பாதரசம் நஞ்சுதான், ஆனால் அடைப்பிலிருந்து கசிவது மிகக் கொஞ்சம். பயந்துபோய் நல்ல அடைப்பைத் தோண்டினால்தான் பாதரச ஆவி கூடுதலாகக் கிளம்பும்.