உலையும் காட்சிப் பேழையும்

கண்ணாடி மணலிலே பிறந்து தீயிலே வளர்வது. ஆறியபின் அதன் உருவம் பல நூற்றாண்டுகள் நிலைத்திருக்கும். ஆயின் உலை அணைந்துவிட்டால், அதனைச் செய்யும் கலை ஒரு தலைமுறையிலேயே மறைந்துபோகும். பொருள் நிலைப்பது வேறு, கலை நிலைப்பது வேறு என்பதற்குக் கண்ணாடியே தக்க சான்று.

கிளிநொச்சியிலிருந்து பூநகரி வழியாக மன்னாரை நோக்கிச் செல்வோர் மாதோட்டத்தை அடைவர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த இவ்விடம் முற்காலத்திற் பெருந்துறைமுகமாக விளங்கியது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் இங்கு அகழ்வு நடைபெற்றது. சீன நாட்டு மட்கலங்களும் மேற்காசியக் கலங்களும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. அம்மணிகள் இவ்விடத்திலேயே செய்யப்பட்டன என்பது ஆய்வாளர் கருத்து.

அவற்றைச் செய்யும் முறை, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் வழங்கியதாகும். உருகிய கண்ணாடியை மெல்லிய நீண்ட குழாயாக இழுப்பர். அதனைச் சிறு துண்டுகளாக நறுக்குவர். சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றிக் கூரிய விளிம்புகளை மழுக்குவர். ஆந்திர நாட்டிலே, திருப்பதிக்கு அண்மையிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில், இருபதாம் நூற்றாண்டிலும் இத்தொழில் உயிரோடிருந்தது. அங்குள்ள தொழிலாளரின் கைகளைக் கண்ட பின்னரன்றோ, புதையுண்ட மணிகளின் செய்முறை அறிஞருக்குத் தெளிவாயிற்று! மாதோட்டத்திலோ மணிகள் எஞ்சின. அவற்றைச் செய்தோரின் கைப்பழக்கம் எஞ்சவில்லை.

மேனாடுகளில் இக்கலைக்கு வேறொரு வகையில் இடர் நேர்ந்தது. அங்கே உலைகள் அணையவில்லை. ஆனால் அவை பெருந்தொழிற்சாலைகளின் மதிலுக்குள் அடைபட்டன. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் ஊதினார். தனியொரு கலைஞர் தம் கையால் உருகிய கண்ணாடியைத் தொடுதல் அரிதாயிற்று.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் ஹார்வி லிற்றில்ரன் என்னும் மட்பாண்டக் கலைஞர். 1962ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவின் ரொலிடோ நகரக் கலை அரும்பொருளகம் அவருக்கு இடமளித்தது. அதன் வளவிலிருந்த ஒரு கொட்டகையிற் சிறிய உலையொன்று அமைக்கப்பட்டது. முதலில் உருக்கிய கண்ணாடி ஊதுதற்குப் பயன்படவில்லை. டொமினிக் லபினோ என்னும் தொழில்நுட்ப அறிஞர் உலையைத் திருத்தியமைக்க வழிகூறி, எளிதில் உருகும் கண்ணாடிக் குண்டுகளையும் அளித்தார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிறீன் என்னும் முதியவர் ஊதுகுழலை ஏந்திக் கற்றுக்கொடுத்தார். கலைஞர், அறிஞர், தொழிலாளி ஆகிய மூவரும் கூடியபோதே அக்கலை மீண்டும் தளிர்த்தது. அவ்வாண்டு ஜூனில் இரண்டாம் பட்டறையும் நடைபெற்றது.

நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் நகரில் 1951ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கண்ணாடி அரும்பொருளகத்தின் வரலாறும் நோக்கத்தக்கது. 1972 ஜூனில் அதனுள் வெள்ளம் புகுந்தது. சுமார் 13,000 பொருள்களில் 528 சேதமுற்றன, நூலகமும் நனைந்தது. எனினும் ஆகஸ்ட் முதலாம் நாளே அதன் கதவுகள் மீண்டும் திறந்தன. 1996இல் அங்கே பயிற்சிக்கூடமும் உருவாயிற்று. கண்காட்சி பழையதைக் காட்டுகின்றது. பட்டறை செய்முறையைக் கற்பிக்கின்றது. அங்கு வந்து தங்கும் கலைஞர் பேழையிலுள்ள பழம்பொருளை ஆராய்ந்து புதியதைப் படைக்கின்றார்.

வன்னி மக்கள் இவ்வுண்மையை நூலிற் படித்தறிய வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கிளிநொச்சியைவிட்டு வெளியேறியோர் வீட்டையும் கருவிகளையும் இழந்தனர். தச்சரும் கொல்லரும் நெசவாளரும் மீண்டு வந்தபோது, கொண்டுவந்த முதல் அவர்தம் கைப்பழக்கமே. அதனை அடுத்த தலைமுறைக்கு அளிக்கத் தவறினால், இன்று அவர்கள் செய்யும் பொருள்களும் நாளை மாதோட்டத்து மணிகளாகிவிடும். காட்சிப் பேழை வேண்டும். அதனருகே எரியும் உலையும் வேண்டும்.