ஓலையை வாசிக்கத் தெரியாத காதலன்

பேய்க் கதைகளைப் பெரும்பாலும் பயமுறுத்துவதற்காகவே சொல்வார்கள். காதல் கதைகளைக் கண்ணீர் வரவழைப்பதற்காகச் சொல்வார்கள். இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கதை தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. தமிழறியும் பெருமாள் கதை என்பது அதன் பெயர். இருபது வருடங்களாக மாணவர்களுக்கு எழுத்துக் கற்பித்து வருகின்ற எனக்கு, அது எழுத்தறிவைப் பற்றிய கதையாகவே படுகின்றது.

கதை வடிவத்துக்கு வடிவம் சற்று மாறுபடும். அதன் சாரம் இதுதான். மேல்மாடத்தில் நின்ற அரசகுமாரி ஒருத்தி வீதியில் சென்ற இளவரசன் ஒருவனைக் கண்டு காதல் கொள்கிறாள். இரவில் தன்னை வந்து சந்திக்கும்படி ஓலையிலே எழுதி அவன் முன்னே போடுகிறாள். இளவரசனுக்கோ வாசிக்கத் தெரியாது. அங்கிருந்த தொழுநோயாளி ஒருவனிடம் ஓலையைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறான். வாசித்தவன், 'இவ்வூரில் நின்றால் உன் உயிருக்கு ஆபத்து, உடனே ஓடிவிடு என்று எழுதியிருக்கிறது' எனப் பொய் சொல்லி அவனை அனுப்பிவிட்டு, இருட்டிலே தானே அவளிடம் போகிறான். ஏமாற்றத்தை அறிந்த அரசகுமாரி உயிரை மாய்த்துக் கொள்கிறாள். செய்தியறிந்த இளவரசனும் உயிரை விடுகிறான். காதலர் இருவரும் பேய்களாகின்றனர்.

அரசகுமாரியின் பேய் குடிகொண்ட சாவடிக்கு ஒருநாள் ஔவையார் இராத் தங்க வருகிறார். சாமத்துக்குச் சாமம் வந்து மிரட்டுகின்ற பேயைப் பார்த்து அவர் வெண்பாப் பாடுகிறார். தனிப்பாடல் திரட்டிலே ஔவையார் பெயரில் இடம்பெறும் இப்பாடல்களுள் ஒன்றின் கருத்து நம் கவனத்துக்குரியது. இரண்டு தரம் கேட்டும் ஒரு வெண்பாவைக் கற்றுக்கொள்ளாதவனை, வெள்ளோலையிலே தன் கையால் எழுதத் தெரியாதவனைப் பெற்றாளே ஒருத்தி, நீ போய் அவளை உதை என்று பேயிடம் சொல்கிறார் அவர். மந்திரமோ வேப்பிலையோ இல்லை. எழுத்தறியாமையைப் பழிக்கும் செய்யுளால் பேய் அடங்குகிறது. பேயின் வேதனை எங்கே தொடங்கிற்று என்பதை ஔவையார் அறிந்திருந்தார் எனலாம். அதே வேளையில், மகன் படிக்காததற்குத் தாயை உதைக்கச் சொல்வதும், வஞ்சகன் வேடத்துக்கு நோயாளி ஒருவனைத் தெரிந்தெடுத்ததும் அக்காலத்தின் கொடுமைகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னர் ஔவையாரின் அருளால் இருவரும் மீண்டும் பிறக்கின்றனர். அவள் தமிழறியும் பெருமாள் என்ற பேரறிவுடைய அரசகுமாரியாகிறாள். தமிழ் வாதில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்கிறாள். அவனோ விறகு வெட்டியாகப் பிறக்கிறான். நக்கீரர் அவன் பக்கம் நின்று வாதாடி வென்று மணத்தை முடித்து வைக்கிறார். இங்கே சரித்திரத்தைத் தேடக்கூடாது. ஔவை என்ற பெயரிலேயே வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த புலவர்கள் இருந்திருக்கின்றனர். மக்கள் தாம் அறிந்த பெரிய பெயர்களையெல்லாம் ஒரே கதைக்குள் அழைத்துக் கொள்வார்கள். ஆனால் கதை வாழ்ந்த விதத்தில் சரித்திரம் உண்டு. நல்லதங்காள் கதை போன்றவற்றை வெளியிட்ட சென்னை அச்சகங்கள் இதையும் மலிவு விலை நூலாக்கின. எழுத்துக்கூட்டி வாசிப்போருக்கென்றே பருத்த எழுத்தில் 'பெரிய எழுத்து' நூல்கள் அச்சிடப்பட்ட காலம் அது. ஒருவர் உரத்து வாசிக்கப் பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். 1942இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது. வாசிக்கத் தெரியாதவனின் கதையை வாசிக்கத் தெரியாதவர்களே அதிகம் கேட்டிருப்பர்.

பிற மொழிகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அரபு மரபிலும் காதலுக்கும் அமானுஷ்யத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. 'மஜ்னூன்' என்ற சொல்லுக்கே ஜின் பிடித்தவன் என்றுதான் பொருள். ஆயிரத்தோர் இரவுகளில் வரும் கமருஸ்ஸமான் கதையில், தொலைதூரத்து இளவரசியையும் இளவரசனையும் ஒரே இரவில் அருகருகே கொண்டுவந்து சேர்ப்பவை ஜின்களே. அங்கே ஓலைக்குத் தேவையில்லை. சீனத்திலே தாங் சியான்சூ 1598இல் எழுதிய 'பியோனி மண்டபம்' நாடகத்தில், காதல் ஏக்கத்தால் இறந்த பெண் தன் உருவத்தைத் தானே வரைந்து அதிலே ஒரு கவிதையும் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். அது ஓர் இளைஞனிடம் அகப்படுகிறது. அவன் படித்தவன். கவிதையை வாசித்து மறுகவிதையும் எழுதுகிறான். பேயாக வந்த அவளை நேசித்து மீண்டும் உயிருடன் பெறுகிறான். இரு கதைகளிலும் பெண் எழுதுகிறாள். சீனக் காதலன் வாசித்தான், பெண் உயிர் பெற்றாள். தமிழ்க் காதலன் வாசிக்கவில்லை, இருவரும் பேயாயினர்.

எமது நாட்டிலே இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் அறிஞர் சித்திலெப்பை (1838-1898). ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அஸன்பேயுடைய கதை' 1885இல் அவரால் எழுதப்பட்டது. அதிலே கதையை நகர்த்துவன மனிதர் செய்யும் கடத்தலும் பயணமும் காதலுமே. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸா உருவாவதற்கு முன்னின்று உழைத்தவரும் அவரே. கதை, பத்திரிகை, பள்ளிக்கூடம் மூன்றையும் அவர் ஒரே வேலையாகச் செய்தார்.

அந்த மருதானையை அடுத்திருப்பது தெமட்டகொடை. ரயில் இயந்திரக் கொட்டகையும் நெருக்கமான தோட்ட வீடுகளும் கொண்ட பகுதி. பாடசாலை விடுமுறைகளில் அங்கிருந்த சாச்சி வீட்டில் நான் தங்குவதுண்டு. 1990களின் தொடக்கம் அது. பெண்கள் பலர் சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகப் போயிருந்தனர். இலவசக் கல்வி 1945இலேயே வந்திருந்த போதிலும், சிறு வயதிலேயே கூலி வேலைக்குப் போன ஆண்களுக்கு எழுத்து எட்டவில்லை. மனைவியின் கடிதத்தைச் சாரத்து மடிப்பில் வைத்துக்கொண்டு, "மகன், இதக் கொஞ்சம் வாசிச்சுத் தாங்க" என்று வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும், ஒரு சொல் கூட்டவும் குறைக்கவும் கூடாது என்பது சாச்சியின் கண்டிப்பு. சம்பளம் தரவில்லை என்பதையும், பிள்ளை முகம் மறந்து போகிறது என்பதையும் நான் வாசிப்பேன். பெரிய மனிதர்கள் சுவரைப் பார்த்துக் கொண்டு நிற்பார்கள். கணவன் மனைவிக்கு மட்டும் உரிய சொற்கள் ஒரு சிறுவனின் வாய் வழியாகவே அவர்களுக்குக் கிடைத்தன. பணம் எவ்வளவு அனுப்பினாள், எப்போது வருவாள் என்பதெல்லாம் வாசிப்பவனின் நேர்மையில் தங்கியிருந்தன. பின்னர் ஆசிரியர் கலாசாலையில் இக்கதையைப் படித்தபோது எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

ஒன்பதாந்தர வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், மறுபடி பிறந்தாவது அவன் படிச்சானா?" கதையின் பலவீனமான இடத்தை அவள் சரியாகவே தொட்டுவிட்டாள். அவன் படிக்கவில்லை. முதற்பிறப்பில் வேறொருவன் வாசித்துக் கெடுத்தான். இரண்டாம் பிறப்பில் வேறொருவர் வாதாடி வாழ்வித்தார். இரண்டு பிறப்பிலும் அவன் வாழ்க்கை பிறர் நாவில்தான் இருந்தது. நக்கீரர் நல்லவராக அமைந்தது அவன் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அவனுடைய கையில் எழுத்தாணியைக் கொடுக்க வேண்டுமென்று கதை சொன்னவர்களுக்கும் தோன்றவில்லை.

மறுபிறப்பு எமது நம்பிக்கையில் இல்லை. இருப்பது இந்த ஒரு வாழ்க்கைதான். இன்று கடிதத்தின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. மனைவியின் குரலைக் கணவன் நேரடியாகவே கேட்கிறான். ஆனால் வேலை ஒப்பந்தமும் வங்கிப் படிவமும் காணி உறுதியும் இன்னமும் எழுத்தில்தான் இருக்கின்றன. அவற்றை இன்னொருவர் கையில் கொடுத்து, 'என்ன எழுதியிருக்கு?' என்று கேட்கும் பெற்றோரை எனது பாடசாலை வாசலிலும் காண்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் அப்படிக் கேட்டு நிற்காதிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேய்க் கதையை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லி வருகிறேன்.